மூடு வந்தால்தான் எழுதுவார்களாம்!

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் எழுத்தாளர்கள்தான், மனசுக்குள்! கேட்டால், "பகலில் காலேஜ், ராத்திரி ஆன்லைன் வேலை. அதே ஸ்க்ரீனில் எப்படி மச்சி எழுதறது?" என்று பதில் ரெடி. சுத்தப் பொய்.

ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று இணையத்தில் 'வெண்முரசு' ஆரம்பித்தார். தினம் ஓர் அத்தியாயம். 2020 ஜூலையில் முடித்தபோது 26 நாவல்கள்! கவனத்தைக் கலைக்கிறது என்று திட்டு வாங்கும் அதே இணையத்தில்தான்.

அவர் முழுநேர எழுத்தாளர் என்கிறீர்களா? சரி. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வேலையோடுதான் தொடர்கதைகள் எழுதினார். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் வியாபாரம், துபாஷ் உத்தியோகம் இரண்டுக்கும் நடுவே 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவருக்கு மட்டும் நாளுக்கு முப்பது மணி நேரமா?

பி.காம். படிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குறிப்பேட்டில் அன்றன்றைக்குப் பதியாமல், மாசக் கடைசியில் ஞாபகத்திலிருந்து போட்டால் கணக்கு உதைக்கும். எழுத்தும் அப்படித்தான். இன்று ரயிலில் கேட்ட பேச்சு அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது.

வேலை விண்டோவைத் திறக்கும் முன் பத்து வரி. மொக்கையாக இருந்தாலும் பரவாயில்லை. மூடு? எழுத உட்கார்ந்தால் தானாக வரும்.