கேட்டுக் கற்கும் வரலாறு

கல்வி படிப்பதால் மட்டுமன்றிக் கேட்பதாலும் நிறைவு பெறும் என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றி வரும் கொள்கையாகும். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். 'கேள்' என்னும் வினையடி செவியால் கேட்டலையும் குறிக்கும். வாயால் வினவுதலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, இக்காலக் கல்வி முறை ஒன்றை எடைபோட நமக்குத் துணை செய்கின்றது. பதிவு செய்யப்பட்ட கல்லூரி விரிவுரைகளைக் கேட்டு அமெரிக்க வரலாற்றைக் கற்பதே அம்முறை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்பறை விரிவுரைகள் சிலவற்றைப் பதிவு செய்து, 2007ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி உலகோர்க்கு வழங்கத் தொடங்கியது. பேராசிரியர் டேவிட் பிளைட் 2008இல் நிகழ்த்திய உள்நாட்டுப் போர், மறுசீரமைப்புக் காலம் பற்றிய 27 உரைகளும், பேராசிரியர் ஜோஆன் ஃப்ரீமன் 2010இல் நிகழ்த்திய அமெரிக்கப் புரட்சி பற்றிய 25 உரைகளும் அவற்றுள் அடங்கும். உரைகளின் எழுத்து வடிவமும் உடன் கிடைக்கின்றது. இவற்றைக் கேட்போர்க்குப் பட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அறிவு வேட்கை ஒன்றே நுழைவுத் தகுதி.

இவ்வுரைகளால் நாம் பெறும் பயன் யாது? ஆண்டுகளும் பெயர்களும் பாடநூலிலேயே உள்ளன. ஓர் அறிஞர் வரலாற்றை எவ்வாறு சிந்திக்கின்றார் என்பதே உரையில் கிடைக்கும் தனிப்பயன். ஃப்ரீமன் தம் முதல் உரையில் மாணவர்க்கு ஐந்து அறிவுரைகள் வழங்குகின்றார். புரட்சியை வெறும் நிகழ்ச்சிகளும் தேதிகளும் கொண்ட கதையாகக் கருதலாகாது. 'ஜனநாயகம்' போன்ற சொற்களுக்கு அக்காலத்தில் வேறு பொருள் இருந்தது என்பதை மறக்கலாகாது. நாட்டை நிறுவிய தலைவர்களைக் காவிய நாயகர்களாக அன்றி மனிதர்களாகக் காண வேண்டும். அவர்கள் மட்டுமே புரட்சியின் மாந்தர் அல்லர். நடந்தது நடந்தே தீர வேண்டியதன்று, வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். இவ்வைந்தும் எந்நாட்டு வரலாற்றைப் படிப்பவர்க்கும் பொருந்துவன.

இனி, உள்நாட்டுப் போரை நோக்குவோம். அப்போர் எதனால் மூண்டது என்னும் வினாவுக்கென்றே பிளைட் ஓர் உரையை ஒதுக்கியுள்ளார். 1860இல் அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் தென் கரோலினா கூட்டாட்சியிலிருந்து பிரிந்தது. பிற தென்மாநிலங்களும் தொடர்ந்தன. 1861 மார்ச்சில், அம்மாநிலங்கள் அமைத்த அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பின மக்கள் வெள்ளையர்க்குச் சமமல்லர் என்பதே தம் அரசின் அடிக்கல் என்று சவானா நகரில் வெளிப்படையாகப் பேசினார். அவரே, போரில் தோற்ற பின்னர் 1868இலும் 1870இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில், போருக்குக் காரணம் மாநில உரிமை பற்றிய கொள்கை வேறுபாடே என்று வாதிட்டார். ஒரே மனிதர், போருக்கு முன் ஒரு கூற்று, பின் ஒரு கூற்று! எச்சான்று எப்பொழுது, எந்நோக்கில் எழுந்தது என்று ஆராயாதவன் எதனையும் நம்பிவிடுவான்.

ஆயினும், பதிவுரைக்குக் குறைகளும் உண்டு. முதற்குறை, அது நம் ஐயத்துக்கு விடை கூறாது. யேல் மாணவர்கள் விரிவுரை கேட்டதோடு அமையாமல், நூல்களைப் படித்து, சிறு குழுக்களாகக் கூடி விவாதித்தனர். நம்மை வந்தடைவது உரை மட்டுமே. இரண்டாவது, பதிவு காலத்தில் உறைந்து நிற்பது. அப்போரில் மாண்ட வீரர் ஏறத்தாழ 6,20,000 பேர் என்றே நெடுநாள் கூறப்பட்டு வந்தது. 2011இல் டேவிட் ஹேக்கர் என்னும் ஆய்வாளர் மக்கள்தொகைக் கணக்குகளை ஆராய்ந்து, அத்தொகை ஏறத்தாழ 7,50,000 ஆகலாம் என்றார். 2008இல் பதிவான உரையில் இதற்கு இடமேது? ஆசிரியர் ஓராண்டு கற்பித்ததை மறு ஆண்டு திருத்திக்கொள்வார். ஒலிநாடாவோ ஒளிப்படமோ தன்னைத் திருத்திக்கொள்வதில்லை.

'நம் வரலாற்றையே நாம் நன்கறியாத நிலையில் அமெரிக்க வரலாறு எதற்கு?' என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் நமக்குச் சொந்த விருப்பு வெறுப்பு குறைவாக உள்ள ஒரு வரலாற்றில் சான்றுகளை எடைபோடப் பழகுவது எளிது. அப்பழக்கம் கைவந்தபின், நம் ஊர் வரலாற்றையும் நம் சமுதாய வரலாற்றையும் அதே நடுவுநிலையோடு நோக்கும் துணிவு வரும்.

ஆதலின், நம் கல்லூரிகளுக்கு ஒன்று கூற விழைகின்றோம். வாரம் ஓர் உரையை மாணவர் கூடிக் கேட்கட்டும். வரலாற்று ஆசிரியர் உடனிருக்கட்டும். அவ்வுரை தொடர்பான அக்கால ஆவணம் ஒன்றை அனைவரும் படித்து வரட்டும். ஒவ்வொருவரும் ஒரு வினாவேனும் எழுப்பட்டும். பின்னர், கேட்டதைத் தமிழில் எழுதட்டும். 'மறுசீரமைப்பு' என்று எழுதும் மாணவன், சீரமைக்கப்பட்டது எது, இடிந்த வீடுகளா, மக்களின் உரிமைகளா என்று எண்ணியே தீர வேண்டும். 1868இன் 14ஆம் திருத்தம் குடியுரிமையையும், 1870இன் 15ஆம் திருத்தம் இனம் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படாமையையும் உறுதி செய்ததை அவன் அப்பொழுதே உணர்வான். தாய்மொழியில் சொல்ல இயலாதது இன்னும் விளங்காதது என்றே பொருள்.

சொல்வதை எழுதி, எழுதியதை ஒப்பிக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அயல்நாட்டுப் பேராசிரியரின் உரையையும் அவ்வாறே எழுதி ஒப்பித்தால், குறிப்பேடு மாறுமேயன்றிக் கல்வி மாறாது. செவிக்கு அறிஞர் துணையாகிவிட்டனர்; வாய் திறந்து வினவுதல் நம் கடமை. கேள்வியின் இரு பொருளும் கூடும் இடத்திலேயே கல்வி நிறைவுறும்.