அமைதி மட்டும் போதுமா?

துறவி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மலை மேல ஒரு மடம், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருத்தர், சுற்றிலும் அமைதி. இன்னைக்கு அந்த அமைதியைத்தான் மெடிட்டேஷன் ஆப், வீக்கெண்ட் ரிட்ரீட் என்று பேக் பண்ணி விற்கிறாங்க. ஆனால் கிறிஸ்தவ மடங்களிடமிருந்து நாம் எடுத்துக்க வேண்டிய முக்கியமான விஷயத்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம் என்பது என் கருத்து. ஒருத்தருக்கொருத்தர் கணக்குச் சொல்லி வாழும் பழக்கம்தான் அது.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்காக எழுதிய விதிநூலில் 73 அத்தியாயங்கள். பாதிக்குப் பாதி ஹாஸ்டல் ரூல்ஸ் மாதிரியே இருக்கும்! சமையல் வேலையை வாரம் மாற்றி வாரம் முறைபோட்டுச் செய்யணும். வாரம் முடிஞ்சதும் பாத்திரங்களைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கணும். தனக்கென்று எதுவும் வச்சுக்கக் கூடாது. முக்கியமான முடிவென்றால் மடத் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்கணும். நல்ல வழியைக் கடவுள் பல சமயம் இளையவருக்குத்தான் காட்டுவார் என்று காரணமும் சொல்றார்.

இது பழைய கதைதானே என்று நினைக்கலாம். ஸ்காட்லாந்தில் அயோனா என்ற சின்னத் தீவு இருக்கு. அங்கே இடிந்து கிடந்த பெனடிக்டைன் மடத்தின் குடியிருப்புகளை 1938இல் ஜார்ஜ் மெக்லியாட் என்ற போதகர் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். கிளாஸ்கோவில் வேலையில்லாமல் இருந்த தொழிலாளர்களும் பயிற்சிப் போதகர்களும் சேர்ந்து வேலை செஞ்சாங்க. அப்படிப் பிறந்ததுதான் அயோனா சமூகம்.

இதில் என்னை யோசிக்க வைத்தது கட்டடம் இல்லை. இந்தச் சமூகத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தீவில் வாழ்வதே இல்லை. கல்யாணம் ஆனவங்க, வேலைக்குப் போறவங்க, வெவ்வேறு ஊர்க்காரங்க. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. தினமும் ஜெபம், நீதிக்கும் சமாதானத்துக்கும் உழைப்பு. அதோடு பணத்தையும் நேரத்தையும் எப்படிச் செலவழிச்சோம் என்று சின்னச் சின்னக் குழுக்களாகக் கூடி ஒருத்தருக்கொருத்தர் கணக்குச் சொல்லணும். மடத்துச் சுவர் இல்லாமலே மடத்து வாழ்க்கை!

"கணக்குச் சொல்றதுன்னா கண்காணிப்புதானே? வார்டன் ரெஜிஸ்டர் போதாதா?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டுப்பாடு என்ற பெயரில் ஆளை அடக்கும் மதக் கூட்டங்களும் உண்டு. அதனால்தான் பெனடிக்ட் வைத்த ஒரு நிபந்தனை முக்கியம். புதுசாக வருபவருக்கு ஒரு வருஷத்துக்குள் விதிநூலை மூணு முறை முழுசாகப் படிச்சுக் காட்டணும். முடியாதென்றால் அவர் தாராளமாகக் கிளம்பலாம். தெரிஞ்சு, விரும்பி ஏற்றுக்கொண்ட விதி ஒரு வகை. மேலே இருந்து திணிக்கிற ரூல் வேறு வகை. அந்த வாசல் திறந்திருக்கா என்று பார்த்தாலே எது எது என்று புரிஞ்சிடும்.

அமைதி தனியாகக் கிடைக்கும். ஹெட்ஃபோன் போட்டாலே போதும். "போன மாசம் சம்பளத்தை என்ன பண்ணின?" என்று உரிமையோடு கேட்க நாலு பேர் கிடைப்பதுதான் கஷ்டம். படிப்பு முடிஞ்சு நாம் ஆளுக்கொரு ஊருக்குப் போகப்போறோம். வாட்ஸ்அப் க்ரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து ஓடிட்டே இருக்கும். ஆனால் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை யாருக்குக் கொடுப்பீங்க?