கூட்டாளிமாரின் பயணமும் ஓர் உண்டியலும்

கடந்த வருட ஆரம்பத்தில் வெளிக்கள வேலையாகத் திருக்கோவிலுக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழகக் காலத்துத் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். தொடர்ந்து மூன்று தடவை எங்களது பயணங்களுக்கு அவள் வரவில்லை. ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். மறுமுறை மாமியாருக்குச் சுகமில்லை என்றாள். மூன்றாம் முறை பதிலே இல்லை. "அவளுக்கு இப்ப எங்களில விருப்பமில்ல" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

தையல் மெசினில் இருந்தவள் எழுந்து தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். கதையோடு கதையாகக் காரணம் கேட்டேன்.

"நீங்க நாலு பேரும் உத்தியோகம் கா. வானுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு எண்டு மூணு நாளைக்கு முன்னால சொல்றீங்க. நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற? காசில்ல எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு. அதான் காய்ச்சல் எண்டு சொன்னன்" என்றாள்.

மாதர் சங்கங்களில் சிறுசேமிப்பைப் பற்றி விளக்கம் கொடுப்பது எனது தொழில். என் சொந்தக் கூட்டாளிமாருக்குள் ஒருத்தி காசில்லாமல் ஒதுங்கிப் போனதை நான் கவனிக்கவில்லை. அன்று வீடு திரும்பும்வரை அவளது வார்த்தைகள்தான் காதில் நின்றன.

நாங்கள் ஐந்து பேர். ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை, திருக்கோவில் என்று ஆளுக்கோர் ஊர். மூவர் தமிழர், இருவர் முஸ்லிம்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம். வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்காவது போவோம் என்று படிப்பு முடியும்போது பேசிக்கொண்டோம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், இடமாற்றம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் "போவமா?" என்று கேட்கவே எல்லோருக்கும் தயக்கம். 2020 இல் கொரோனா. 2022 இல் எரிபொருளுக்கு வரிசை. அதன் பின்னர் மீண்டும் தொடங்கியபோது வான் கூலி முன்னரைப் போல இருக்கவில்லை. சம்பளம் எடுக்கும் நாங்கள் சமாளித்தோம். தைத்துப் பிழைக்கும் அவளால் முடியவில்லை.

பெண்கள் கூட்டமாகப் பயணம் போவது நமது பகுதிக்குப் புதிதல்ல. வருடந்தோறும் கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் எத்தனை பெண்கள் குழுக்குழுவாக உகந்தையிலிருந்து குமணக் காட்டு வழியே நடக்கிறார்கள்! கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போய்வந்த கதைகளை முஸ்லிம் தாய்மார் இன்றும் சொல்வார்கள். நேர்த்திக்கடன் என்றால் வீட்டில் மறுப்புக் குறைவு. "கூட்டாளிமாரோட சும்மா போயிற்று வாறன்" என்றால்தான் கேள்வி எழுகிறது. ஆண்கள் நண்பர்களோடு போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்ணுக்கோ ஓய்வெடுக்கவும் ஒரு காரணம் தேவைப்படுகிறது.

1979 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான சமவாயத்தின் 13 ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் கலாசார வாழ்விலும் பங்குகொள்ளும் உரிமை பெண்களுக்கும் சமமாக உண்டு என்கிறது. இலங்கை 1981 இல் இதனை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த உரிமை கையில் காசும் வீட்டில் அனுமதியும் உள்ளவளுக்கு மட்டுமானதல்லவே.

அடுத்த கிழமையே ஐவரும் என் வீட்டில் கூடினோம். கடைசியில் வரக்கூடியவளை முதலில் நினைத்துத் திட்டமிடுவது என்று தீர்மானித்தோம். நாங்கள் செய்தவை இவைதான்:

* ஆளுக்கு மாதம் 300 ரூபா உண்டியலில். இந்தத் தொகையைச் சொன்னவள் திருக்கோவில் தோழி. உண்டியலும் அவளிடமே. யாரும் கூடுதலாகப் போடக்கூடாது.

* நாள் முன்கூட்டியே குறிக்கப்படும். நாங்கள் தெரிந்தது ஆகஸ்ட் மாதப் போயா. அலுவலகம், பாடசாலை இல்லை. நோன்பு மாதமும் இல்லை, மாரி மழையும் இல்லை. கணவர்மார் வீட்டில் நிற்பதால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் பதில் உண்டு.

* வான் வேண்டாம், பஸ் போதும். சாப்பாடு வீட்டிலிருந்து.

* மஹ்ரிபுக்கு முன் எல்லோரும் வீடு சேரவேண்டும். புறப்படும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் முதலே சொல்லிவிட வேண்டும்.

ஏழு மாதத்தில் 10,500 ரூபா சேர்ந்தது. இடத்தையும் அவளே தெரிவுசெய்தாள்: அறுகம்பை. அக்கரைப்பற்றில் நாங்கள் நால்வரும் பொத்துவில் பஸ் ஏறினோம். திருக்கோவிலில் அவள் இரண்டு பைகளோடு ஏறினாள். கோமாரி தாண்டும்வரை அவளது வாய் ஓயவில்லை.

பௌர்ணமி விரதக்காரிக்கு மரக்கறிப் பார்சல் வேறாக இருந்தது. மீன் குழம்பு நிந்தவூரிலிருந்து வந்தது. பகல் தொழுகைக்குப் பொத்துவிலில் தோழியின் உறவினர் வீட்டுக்குப் போனோம். மலசலகூட வசதிக்கும் அந்த வீடுதான் கைகொடுத்தது. பெண்கள் பயணத்தில் இதை முதலில் யோசிக்க வேண்டும். இதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

கடற்கரையில் காலை நனைத்தபடி, அவள் தன் கடன், கணவருக்குக் கிடைக்காத மேசன் வேலை, மூத்தவளின் படிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். எங்களால் கடனைத் தீர்க்க முடியவில்லை. ஆனால் கல்முனைத் தோழி தன் பாடசாலைப் பிள்ளைகளின் சீருடைத் தையலுக்கு அவளைப் பலரிடம் சொல்லிவிட்டாள். தை மாதத்தில் அவளுக்கு ஓய்வில்லாத வேலை. மூன்று வருடம் வட்ஸ்அப்பில் இதயமும் பூவும் அனுப்பிய எங்களுக்கு, அவளது நிலைமை அந்த ஒரு பகலில்தான் தெரியவந்தது.

செலவு போக மிச்சம் உண்டியலில் இருக்கிறது. இந்த வருடத்துக்கு இடம் சொல்லும் முறை அக்கரைப்பற்றுத் தோழிக்கு.

சகோதரிகளே, உங்கள் பழைய கூட்டாளிமாரிலும் வராமல் நின்றுவிட்டவள் ஒருத்தி இருப்பாள். "ஏன் வரல்ல?" என்று அவளைக் கேட்காதீர்கள். "உனக்கு எந்த நாள் வசதி, எவ்வளவு போடலாம்?" என்று கேட்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.