பரண் போடத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்

'காவற்கோபுரம்' என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பறவைகள் அல்ல. பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, எமது வளவுகளை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவலரண்களே நினைவுக்கு வரும். எனவே, தீவகத்தில் இயற்கைப் பூங்கா ஒன்று அமைத்து, பறவை பார்க்க மரக்கோபுரம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் எமது சனம் முகஞ்சுளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் அந்த யோசனையை உடனே தள்ளிவிடாமல், எந்த நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்று சிந்திப்பதே நல்லது.

மண்கும்பானை எடுத்துக்கொள்வோம். பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக வேலணைக்குப் போகும் பாதையில் உள்ள ஊர். பெயரிலேயே மண் இருக்கிறது. மணற்பிட்டி, பனங்கூடல், அப்பால் கடல். மாரி தொடங்கியதும் தீவகத்தை அண்டிய ஆழங்குறைந்த கடலில் பூநாரைகளும் உள்ளான்களும் வந்து மேய்கின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பாதையின் தென்கோடியில் நாம் இருக்கிறோம். வெளியூரார் வந்து பார்க்கத்தக்க காட்சிதான். வந்தால் ஊருக்கும் நாலு காசு கிடைக்கும்.

ஆனால் ஒரு பூங்காவுக்கு எல்லைதான் முதலில் வருகிறது. கோபுரம் பிறகுதான். 2015ஆம் ஆண்டு நெடுந்தீவு, சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம் ஆகிய நான்கும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அமையலாம். சரணாலயம் என்றால் தனியார் காணியும் உள்ளே வரலாம். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். 1990இல் தீவகத்தை விட்டு வெளியேறியவர்களிற் பலர் இன்னும் திரும்பவில்லை. பற்றை மூடிய காணி, பார்ப்பவர் கண்ணுக்குக் காடாகத்தான் தெரியும். அந்தப் பற்றைக்குள்ளே ஒரு கிணறும் ஒரு வீட்டின் அத்திவாரமும் இருப்பது காணிக்காரனுக்குத்தான் தெரியும். அவன் ஊரில் இல்லாத நேரத்தில் எல்லை போட்டால், அவன் திரும்பி வரும்போது சொந்தக் காணியைப் பார்க்க நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டி வரும்.

ஊரவரைச் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு நன்மை என்பதற்குத் தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் சாட்சி. அங்கே ஏரிக்கு வந்த பறவைகளைச் சுட்டவர்களுக்கு எதிராக ஊரவரே முறையிட்டனர். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களது காவல் உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொண்டார். ஊரவர் பறவைகளைக் காத்ததற்குக் காரணம் இருந்தது. எச்சம் கலந்த ஏரி நீர் அவர்களது வயலுக்கு உரமாயிற்று. இன்றும் அங்கே தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. பார்வைக் கோபுரம் எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது. காவலர்கள் முன்பே இருந்தார்கள்.

இனிக் கோபுரத்தின் அமைப்புக்கு வருவோம். எம்மவரிற் பலர் வன்னியில் இருந்த காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் பரண் போட்டு இரவிரவாகக் காவல் இருந்தவர்கள். கால்களை அகல ஊன்ற வேண்டும், குறுக்குச் சட்டம் இல்லாமல் பரண் நிற்காது என்பதை அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் பரணில் இருப்பது ஒருவர் அல்லது இருவர். பூங்காக் கோபுரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஏறுவார்கள். ஒரு பூநாரைக் கூட்டம் எழுந்தால் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடுவார்கள். அந்தப் பாரத்துக்கும் சேர்த்தே தட்டு அமைய வேண்டும். கைபிடி நெஞ்சளவு உயரமாகவும், கம்புகளுக்கிடையே குழந்தையின் தலை புகாத அளவு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். தட்டையான தீவில் 20 அல்லது 25 அடி உயரம் போதும். அதற்குமேல் போனால் பறவையைப் பார்ப்பதல்ல, அடுத்தவர் கிணற்றடியைப் பார்ப்பதாகிவிடும். குடிமனைப் பக்கம் தட்டி கட்டி மறைக்க வேண்டும்.

மரம் எது? வளையும் சிலாகையும் பனையிலிருந்தே எடுத்தவர்கள் நாம். பனைக்கு வைரம் புறத்தில், உள்ளே சோறு. முற்றிய மரமே உதவும். ஆனால் போர்க் காலத்தில் காவலரண்களுக்கென்று எத்தனையோ பனைகளை இழந்த மண் இது. பார்வைக் கோபுரத்துக்கென்று இன்னொரு கூடலைத் தறிக்கக் கூடாது. காற்றில் விழுந்ததும் பட்டதும் பயன்படட்டும். மிகுதிக்குப் பாலையும் முதிரையும் அனுமதியோடு வரட்டும். எந்த மரமானாலும் நேரே மண்ணில் நடக் கூடாது. கறையானும் ஈரமும் அடியைத்தான் முதலில் தின்னும். கொங்கிறீற் அடிக்கட்டின் மேல், நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில், இரும்புப் பிடியில் கால் நிற்க வேண்டும். கடற்காற்றில் சாதாரண ஆணி சில வருடங்களிலேயே துருவாகும். நாகம் பூசிய திருகாணிதான் வேண்டும். வருடந்தோறும் மாரிக்கு முன் அவற்றை முறுக்கிப் பார்க்க ஊரில் ஓர் ஆளும், அவருக்குக் கூலியும் இருக்க வேண்டும். கட்டத் தேடும் பணத்தைப் போலக் காக்கவும் தேடாவிட்டால் கட்டாமலே விடலாம்.

மணல்மேல் வீடு கட்டியவனின் கதை எல்லோருக்கும் தெரியும். மண்கும்பானில் மணலைவிட்டால் வேறு நிலம் இல்லை. அதனால் அடிக்கட்டு அகலமாகவும், புயற்காற்று கோபுரத்தைக் கிளப்பிப் புரட்டிவிடாதபடி பாரமாகவும் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியது, அந்த மணல் அங்கே இருக்க வேண்டும் என்பது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநீர் பற்றிய பழைய கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் அந்தளவுக்கு ஏறும். மணலை லொறி லொறியாக ஏற்றிவிட்டு, வெறும் பள்ளத்தின் கரையில் பறவைக் கோபுரம் நாட்டுவது யாருக்கு?

ஆகவே எமது கருத்து இதுதான். முதலில் காணிகளை, தூர இருப்பவர்களையும் அழைத்து, உறுதியோடு அளந்து அடையாளம் காணட்டும். அடுத்து மணல் அகழ்வு நிற்கட்டும். அதன்பின் கோபுரம் எழட்டும். அதன் வரைபடம் போடும் மேசையில் பரண் போட்ட கைகளும் இருக்கட்டும். இடம்பெயர்ந்த உறவுகளே, உங்கள் உறுதிகளையும் நில அளவைப் படங்களையும் தேடி எடுத்து வையுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் உங்கள் இன்றைய முகவரியைப் பதிந்து வையுங்கள். கோபுரத்தில் ஏறிப் பார்க்கும்போது பூநாரையோடு எமது தோட்டங்களும் பச்சையாகத் தெரிய வேண்டும்.