பேரத்தின் சாமர்த்தியம்

பேரம் பேசுவதென்றால் எதிர்த் தரப்பாரை ஏமாற்றுவதென்றே நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். 1947-ல் ஸர்தார் படேலும் வி. பி. மேனனும் சுதேச மன்னர்களோடு பேசிய விதத்தை அன்னார் கவனிப்பார்களாக. பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம், போக்குவரத்து ஆகிய மூன்றையே இவ்விருவரும் முதலிற் கேட்டனர். பிரிட்டிஷார் காலத்தில் அவை மன்னர் கையில் இருந்தனவா? பெரும்பாலும் இல்லை. இல்லாததைக் கொடுக்க யார்தான் தயங்குவர்? மிரட்டலின் நிழலும் படாமலில்லை. எனினும் ஆகஸ்டு 15-க்குள் ஹைதராபாத், காஷ்மீர், ஜுனாகத் முதலிய சில நீங்கலாக ஏனையோர் கையொப்பமிட்டனர்.

பின்னர் ராஜ்யங்களையே ஒப்படைத்தவர்களுக்கு மன்னர் மானியம் வாக்களிக்கப்பட்டது. அரசியல் சட்டத்தின் 291-ஆம் ஷரத்திலும் ஏறிற்று. 1971-ல் பார்லிமெண்டு அதை ரத்துச் செய்தது. மானியம் ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் உகுக்கவில்லை. ஆனால் படேல் கொடுத்த வாக்கு அவருடைய சொந்தச் சொத்தன்று, தேசத்தின் வாக்கு. இனிச் சர்க்காரோடு பேச உட்காருகிறவன் அதன் கையெழுத்தை எவ்வளவு தூரம் நம்புவான்?