எண்ணினால் போதாது, திறந்து பார்க்க வேண்டும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் சிவகங்கை மாவட்டக் காவல் நிலையங்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். பெயர், உரிம எண், துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண் எல்லாம் பதிவேட்டில் ஏறும்; ரசீது கிடைக்கும். தேர்தல் முடிந்ததும் அவரவர் துப்பாக்கி அவரவர் வீட்டுக்குத் திரும்பும். இத்தனை ஒழுங்கிலும் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. இந்த ரிவால்வர், உரிமத்தில் எழுதியிருக்கும் தோட்டாவை மட்டும்தான் சுடுமா?

ஒரு வகைத் தோட்டாவுக்கென்று செய்த ரிவால்வரை வேறு வகையும் சுடும்படி மாற்றிவிட்டால், ஆயுதக் கண்காணிப்பின் அடித்தளமே ஆட்டம் காணும். துப்பாக்கியின் வகை, குழலின் அளவு, ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதெல்லாம் உரிமத்தில் இருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் தோட்டா விற்பார். விற்றதற்குக் கணக்கும் வைப்பார். யார் கையில் எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது என்று அரசுக்குத் தெரிவது இந்தக் கணக்கால்தான். ரிவால்வர் வேறு தோட்டாவையும் ஏற்கத் தொடங்கிய அன்றே கணக்குப் பொய்யாகிவிடுகிறது. சோதனைக்கு வருபவர் எண்ணைச் சரிபார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அவர் பார்த்தது ஒரு துப்பாக்கி. அங்கே இருப்பது வேறொரு துப்பாக்கி.

சட்டத்தில் ஓட்டை இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி செய்வதை மட்டுமல்ல, மாற்றி அமைப்பதையும் பழுதுபார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. 2019இல் வந்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதைத் தனியாகவே குறிப்பிட்டுச் சேர்த்தது. இத்தகைய குற்றங்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். துப்பாக்கியும் என்னுடையது, உரிமமும் என்னுடையது, அதை நான் என்ன செய்தால் யாருக்கென்ன என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

செட்டிநாட்டுக்கு இந்தக் கவலை கூடுதலாகவே வேண்டும். கொண்டுவிற்கப் போய் பர்மாவிலும் மலேயாவிலும் பொருள் சேர்த்தவர்கள் கட்டிய வீடுகள் காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கிறது. அப்படியொரு வீட்டுப் பெட்டகத்தில், ஐயா பெயரில் உரிமம் வாங்கிய ரிவால்வர் கேட்பாரின்றிக் கிடந்தால் என்ன ஆகும்? உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, தேவையென்றால் தங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். பத்துப் பங்காளிகள் உள்ள வீட்டில், இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். பழைய வெளிநாட்டு ரிவால்வருக்கு ஏற்ற தோட்டா இன்று லேசில் கிடைக்காது. கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்றபடி ரிவால்வரை மாற்றிவிடலாம் என்ற சபலம் அங்கேதான் முளைக்கிறது.

அந்தச் சபலத்தின் விலை என்ன? ரிவால்வர் உருளையின் ஒவ்வோர் அறையும், குறிப்பிட்ட ஒரு தோட்டாவின் நீளத்துக்கும் பருமனுக்கும், அது வெடிக்கையில் எழும் அழுத்தத்துக்கும் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. அதைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதித்து முத்திரை குத்திய பிறகே விற்பனைக்கு வரும். அந்த அளவில் கைவைத்தால் முத்திரைக்குப் பொருளில்லை. உருளை பிளந்தால் சுடுகிறவரின் விரலும் கண்ணும் போகும். பக்கத்தில் நிற்கிறவரும் தப்ப மாட்டார். குண்டு குழலின் பாதியில் சிக்கினால் அடுத்த சூட்டில் குழலே வெடிக்கும்.

இது வெறும் ஊகமில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவால்வர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போயின. அவற்றின் தோட்டா அங்கே அரிது. ஆகவே அந்நாட்டில் தாராளமாகக் கிடைத்த வேறொரு தோட்டாவையும் போடும்படி உருளைகளை மாற்றி விற்றார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம், தொழிற்சாலையில் அந்த ரிவால்வரைச் சோதித்த அழுத்தத்தையே மிஞ்சக்கூடியது. அப்படி மாற்றியவற்றில் அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுடவே வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் எச்சரிக்கிறார்கள். வியாபாரிகள் முறையாகச் செய்ததற்கே இந்தக் கதி என்றால், அரைகுறை அறிவோடு பட்டறையில் செய்வது எங்கே போய் முடியும்?

அரைகுறை அறிவு இன்று கைபேசியிலேயே வந்து விழுகிறது. 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளுடன் சிக்கினார்கள். யூடியூப் காணொளிகளைப் பார்த்து, வாடகை வீட்டில் தாங்களே செய்தவை என்று விசாரணையில் தெரியவந்தது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமை வரை போனது. அதே ஆண்டு ஜூலையிலேயே, துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் உலகுக்கே முன்மாதிரி எனப்பட்ட ஜப்பானில், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே வீட்டில் செய்த துப்பாக்கிக்குப் பலியானார். சேலத்தில் நடந்தது சிவகங்கையில் நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

திருப்பாச்சேத்தி அரிவாள் நம் மாவட்டத்தின் பெயர் சொல்லும் பொருள். 2021 செப்டம்பரில் ரவுடிகளைப் பிடிக்க மாநிலம் முழுக்கக் காவல்துறை நடத்திய வேட்டையை ஒட்டி, அரிவாள் வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும் எழுதிவைக்கும்படி பட்டறைக்காரர்களுக்குச் சொன்னார்கள். கருவேலம் வெட்டவும் இளநீர் சீவவும் அரிவாள் அடித்துக்கொடுக்கும் கொல்லரிடம் கணக்குக் கேட்ட அரசு, ரிவால்வர் பாகத்தோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று லேத் பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறதா?

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும்போதும், தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும்போதும், ஆயுதப்படையில் துப்பாக்கிப் பராமரிப்புத் தெரிந்த ஒருவர் உருளையையும் குழலையும் சோதனை முத்திரையையும் உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உரிமதாரர் பட்டியலை இறப்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, வாரிசுகளுக்கு வெளிநாடானாலும் கடிதம் போகட்டும். மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைக்கக் காவல்துறை கெடு கொடுப்பதுபோல், இங்கும் ஒரு கெடு அறிவிக்கலாம். துப்பாக்கி வேலை கேட்டு வருகிறவரைப் பற்றித் தகவல் தரும் பட்டறைக்காரருக்கு, அவர் பெயர் வெளியே வராது என்ற உறுதியும் வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அடுத்த முறை பங்காளிகள் கூடும்போது பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். பழைய ரிவால்வர் இருந்தால் யாரும் தொட வேண்டாம், சுட்டுப் பார்க்கவும் வேண்டாம்; காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஐயாவின் பெயருக்கு அதனால் ஒரு குறையும் வராது.

மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இதற்காகப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். உயிர் போன பிறகு தடயவியல் ஆய்வகம் சொல்லப்போகும் உண்மையை, விவரம் தெரிந்த ஒரு காவலர் உருளையைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியும். அந்தக் காவலரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லும் உத்தரவு அடுத்த தேர்தலுக்கு முன் வந்தாக வேண்டும்.