எறிந்த கை யாருடையது? ஏறிய கொடி யாருடையது?

உழுதவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போனவன் மற்றொருவன் என்பது உலகிற்குப் புதிய செய்தியன்று. வயலில் நடக்கும் இக்கொள்ளையைக் கண்டு கொதிப்பவர்களும், விளையாட்டுக் களத்தில் அதுவே நடக்கும்போது கைதட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர். ஒலிம்பிக் பந்தயம் முடிந்தவுடன் நாடுவாரியாகப் பதக்கப் பட்டியல் ஒன்று வெளிவருகிறது. பத்திரிகைகள் அதனை வேதவாக்கென அச்சிடுகின்றன. மக்களும் அதனைக் கொண்டே இன்ன நாடு வலியது, இன்ன நாடு எளியது என்று தீர்ப்புக் கூறுகின்றனர். அப்பட்டியல் எம்முறையில் எழுதப்பட்டது, எவர் பெயர் எவர் கணக்கில் சேர்ந்தது என்று கேட்பாரில்லை. கேளாமல் நம்புவது பகுத்தறிவுடையார்க்கு அழகன்று. அவ்வாறு கேட்கத் தொடங்கினால், அப்பட்டியலால் பெரிதும் வஞ்சிக்கப்பட்ட நாடுகளுள் ஒன்று அயர்லாந்து என்பது வெளிப்படும்.

1908-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த பந்தயத்தில் சம்மட்டி எறிதலை எடுத்துக்கொள்வோம். 16 பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டினைக் கம்பியில் பிணைத்து, சிறு வட்டத்துக்குள் நின்று சுழன்று வீச வேண்டும். காலும் இடுப்பும் தோளும் ஒரே தாளத்தில் இயங்கினாலன்றி அக்குண்டு தொலைவில் சென்று விழாது. அன்று 51.92 மீட்டர் எறிந்து முதற்பரிசு பெற்றவர் ஜான் பிளானகன். அவர் அயர்லாந்தின் லிமரிக் ஜில்லாவிற் பிறந்தவர். இரண்டாம் பரிசு பெற்ற மாத் மக்ராத் டிப்பெரரி ஜில்லாவிற் பிறந்தவர். மூன்றாம் பரிசு பெற்ற கான் வால்ஷ் கார்க் ஜில்லாவிற் பிறந்தவர். மூன்று பரிசுகளையும் ஒரே சிறு தீவின் மைந்தர் மூவர் பெற்றனர். ஆனால் பட்டியல் கூறுவது யாது? அமெரிக்காவுக்கு இரண்டு, கனடாவுக்கு ஒன்று. அயர்லாந்துக்கு ஒன்றுமில்லை!

இஃது ஓர் ஆண்டில் நேர்ந்த தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1900, 1904, 1908 ஆகிய மூன்று பந்தயங்களிலும் சம்மட்டி எறிதலில் வென்றவர் பிளானகனே. 1912-இல் மக்ராத் வென்றார். 1920-இல் லிமரிக் ஜில்லாவிற் பிறந்த பாடி ரயன் வென்றார். 1928-இலும் 1932-இலும் டாக்டர் பாட் ஓகலகன் வென்றார். 1900 முதல் 1932 வரை நடந்த எட்டுப் பந்தயங்களில் ஏழில் வாகை சூடியவர் ஐரிஷ் மண்ணிற் பிறந்தவரே. 1924-ஆம் ஆண்டு ஒன்றே விலக்கு. ஒரு விளையாட்டில் ஒரு சிற்றினம் ஒரு தலைமுறைக் காலம் இவ்வாறு ஆட்சி செலுத்தியது அரிய செய்தியன்றோ? ஆயினும், அவ்வேழில் அயர்லாந்தின் பெயரால் எழுதப்பட்டவை ஓகலகனுடைய இரண்டு மட்டுமே.

"அவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள், அமெரிக்காவின் சார்பிலேயே எறிந்தவர்கள், அமெரிக்காவின் கணக்கில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்கள் ஏன் குடியேறினர் என்பதையும் உடன் கேட்க வேண்டும். 1845 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது, சுமார் 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். மக்கள் பட்டினி கிடக்கையில் அந்நாட்டுத் தானியம் துறைமுகங்களின் வழியே வெளியே சென்றுகொண்டிருந்தது. அன்று திறந்த கப்பல் வழி பின்னர் அடைபடவேயில்லை. அவ்வழியே பிற்காலத்திற் சென்ற பிளானகனும், மக்ராத்தும், தட்டெறிதலிற் புகழ்பெற்ற மேயோ ஜில்லா மார்ட்டின் ஷெரிடனும் நியூயார்க் நகரத்துப் போலீஸ் வேலையில் அமர்ந்தனர். கடல் கடந்து பிழைக்கப் போனவனின் உழைப்பு போன நாட்டின் செல்வமாகிவிடும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவிடமிருந்து அப்பதக்கங்களைப் பறித்து அயர்லாந்துக்குக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. உணவும் வேலையும் தந்த நாட்டுக்கு அவர்கள் மனமுவந்து ஆடினர். அந்தப் பெருமை அமெரிக்காவுக்கு உரியதே. ஆனால் வளர்த்த தாயைப் புகழ்வதற்காகப் பெற்ற தாயின் பெயரை அழிக்க வேண்டுமா?

குடியேறாமல் அயர்லாந்திலேயே வாழ்ந்தவர்களின் கதை இதனினும் கொடிது. டிப்பெரரி ஜில்லாக்காரர் டாம் கைலி, 1904-இல் தம் சொந்தச் செலவில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். ஓட்டம், நடை, தாண்டல், எறிதல் எனப் பத்துப் போட்டிகளை ஒரே நாளில் முடிக்க வேண்டிய கடும்பந்தயத்தில் வென்றார். அவ்வெற்றி பிரிட்டனின் கணக்கிற் போய்ச் சேர்ந்தது.

பீட்டர் ஓகானர் என்பார் 1901-இல் டப்ளினில் 24 அடி 11¾ அங்குலம் நீளம் தாண்டினார். அவ்வுலகச் சாதனையை 20 ஆண்டுகள் எவராலும் முறியடிக்க முடியவில்லை. 1906-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த பந்தயத்துக்கு அவரும், உயரத் தாண்டுவதில் வல்லவரான கான் லேஹியும் ஐரிஷ் வீரர்களாகவே புறப்பட்டுச் சென்றனர். அங்கு போய்ப் பார்த்தால் நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பிரிட்டிஷ்காரர் என்று அச்சாகியிருந்தது! அயர்லாந்துக்குத் தனி ஒலிம்பிக் கழகம் இல்லையாம். ஆதலால் அயர்லாந்து என்றொரு நாடும் இல்லையாம்! நீளத் தாண்டலில் ஓகானர் இரண்டாம் பரிசு பெற்றபோது, அவருக்காகப் பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்டது. அவர் வாளாவிருந்தாரா? கொடிக்கம்பத்தின்மீது தாமே ஏறி, ஐரிஷ் மொழி வாசகம் பொறித்த பச்சைக் கொடியை விரித்து வீசினார். கீழே கம்பத்தைக் காத்து நின்றவர் லேஹி. பின்னர் மும்முறைத் தாண்டலில் ஓகானரும், உயரத் தாண்டலில் லேஹியும் முதற்பரிசு பெற்றனர். அந்த 1906-ஆம் ஆண்டுப் பந்தயத்தையே பின்னாளில் ஒலிம்பிக் கழகம் தன் கணக்கில் சேர்க்காது விட்டது. மண்ணின் பெயர் முன்னரே மறைந்தது. பின்னர் வெற்றியும் மறைந்தது.

"அன்று அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்திருந்தது, சட்டப்படி வேறு என்ன செய்ய முடியும்?" என்பது அடுத்த வாதம். சட்டம் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா என்று பார்ப்போம். 1912-இல் பின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது. ஹான்னஸ் கொலெமைனன் மூன்று ஓட்டங்களில் வென்றபோது ஏறியது ரஷ்யக் கொடியே. ஆயினும் அவ்வெற்றிகள் பின்லாந்தின் பெயரிலேயே நிற்கின்றன. ஆஸ்திரியப் பேரரசுக்குள் அடங்கியிருந்த பொஹீமியாவுக்கும் பட்டியலில் தனியிடம் உண்டு. கல்கத்தாவிற் பிறந்த நார்மன் பிரிச்சர்ட் 1900-இல் பாரிஸில் பெற்ற இரண்டு வெள்ளிப் பதக்கங்களை, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவின் பெயரிலேயே ஒலிம்பிக் கழகம் எழுதியுள்ளது. இன்னும் விந்தை கேளுங்கள்: 1908-இல் லண்டன் ஹாக்கிப் பந்தயத்தில் அயர்லாந்து தனி அணியாகவே ஆடி, இங்கிலாந்துக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றது. அப்பதக்கமும் பிரிட்டனின் கணக்கிலேயே உள்ளது. பின்லாந்துக்கும் பொஹீமியாவுக்கும் இந்தியாவுக்கும் வளைந்துகொடுத்த விதி, அயர்லாந்துக்கு மட்டும் இரும்பாய் நின்றதேன்? இதற்கு விடை சொல்லுவார் யார்?

1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. 1924-இல் பாரிஸ் பந்தயத்தில் அந்நாடு தன் பெயரால் முதன்முறை கலந்துகொண்டது. அன்று அது பெற்ற பதக்கங்கள் ஓடியோ தாண்டியோ பெற்றவையல்ல. அக்காலத்து ஒலிம்பிக்கில் கலைகளுக்கும் போட்டி உண்டு. டப்ளின் நகரத்து லிஃபி ஆற்றில் நடந்த நீச்சற் பந்தயத்தைத் தீட்டிய ஓவியத்துக்காக ஜாக் யேட்ஸ் வெள்ளிப் பதக்கமும், கவிதைக்காக ஆலிவர் கோகார்ட்டி வெண்கலப் பதக்கமும் பெற்றனர். விடுதலை பெற்ற அயர்லாந்தின் முதற்பதக்கம் ஓர் ஓவியனுக்குக் கிடைத்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

பின்னர் 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓகலகன் 51.39 மீட்டர் எறிந்து, ஐரிஷ் கொடியின்கீழ் முதல் தங்கப் பதக்கத்தை வென்றார். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகியவற்றுக்கென அயர்லாந்து அனுப்பியவர் நால்வரே. ஆகஸ்ட் 1-ஆம் நாள், ஒரே மணி நேரத்துக்குள் அந்நால்வருள் இருவர் தங்கப் பதக்கம் வென்றனர். ஒருவர் ஓகலகன். மற்றொருவர் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வென்ற பாப் டிஸ்டல். தேயிலை மலைகள் சூழ்ந்த இலங்கை நுவரெலியாவிற் பிறந்து, டிப்பெரரியில் வளர்ந்தவர் இவர். இவர் ஓடி முடித்த நேரம் 51.7 விநாடி, அதுவரை எவரும் அவ்வளவு விரைவில் ஓடியதில்லை. ஆனால் ஒரு தடையைக் காலால் தட்டிவிட்டார் என்பதற்காக, அந்நாளைய விதிப்படி சாதனை மறுக்கப்பட்டது. சாதனைப் பட்டியலில் ஏறியது இரண்டாவதாக வந்த அமெரிக்கர் கிளென் ஹார்டினின் பெயர். முதல்வருக்குப் பதக்கம், அடுத்தவருக்குச் சாதனை! பிற்காலத்தில் அவ்விதியை மாற்றிவிட்டார்கள். விதி மாறியதே அது தவறான விதி என்பதற்குச் சான்று.

அடுத்த அடி நாட்டுப் பிரிவினையால் விழுந்தது. ஐரிஷ் விளையாட்டுச் சங்கம் தீவின் 32 ஜில்லாக்களையும் ஒன்றாகவே கருதியது. உலக அமெச்சூர் தடகளச் சங்கமோ, அரசியல் எல்லையே விளையாட்டின் எல்லையாகும் என்று 1934-இல் விதித்தது. வடக்கேயுள்ள 6 ஜில்லாக்களைக் கைவிட ஐரிஷ் சங்கம் மறுக்கவே, 1935-இல் விலக்கி வைக்கப்பட்டது. 1936-இல் பெர்லின் பந்தயத்துக்கு அயர்லாந்து அணி செல்லவில்லை. இருமுறை வென்ற ஓகலகன் மூன்றாம் முறை எறிய வழியின்றிப் போயிற்று. 1937-இல் கார்க் ஜில்லா பெர்மாய் ஊரில் அவர் 59.56 மீட்டர் எறிந்தார். 1913 முதல் நின்ற உலகச் சாதனை 57.77 மீட்டர். ஆனால் விலக்கப்பட்ட சங்கத்தின் களத்தில் எறிந்தமையால் அது எண்ணப்படவில்லை. மறு ஆண்டு ஜெர்மானியர் எர்வின் பிளாஸ்க் 59.00 மீட்டர் எறிந்தார். அதுவே உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. 59.56 பெரிதா, 59.00 பெரிதா என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். உலகச் சங்கத்தின் ஏட்டுக்கு மட்டும் தெரியவில்லை!

இதுகாறும் பிறர் இழைத்த அநீதியைக் கூறினோம். அயர்லாந்து தன் பெண்மக்களுக்குத் தானே இழைத்ததை மறைத்தால் நம் வாதம் பொய்யாகும். 1890-ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் ஆடவர் ஒற்றையர், ஆடவர் இரட்டையர், மகளிர் ஒற்றையர் ஆகிய மூன்றிலும் வென்றவர் ஐரிஷ்காரரே. மகளிருள் வென்றவர் டிப்பெரரியைச் சேர்ந்த லீனா ரைஸ். 1908-இல் வில்வித்தையில் வெண்கலம் வென்ற பியாட்ரிஸ் ஹில்-லோ, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஐரிஷ் பெண்மணி. பெண்ணுக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு இவை போதாவா? ஆயினும், ஆடவர் ஓடும் களத்தில் பெண்களும் ஓடலாம் என்று 1934-இல் விளையாட்டுச் சங்கம் முடிவு செய்தபோது, பின்னாளில் டப்ளின் அத்தியட்சரான பாதிரியார் மக்வெய்ட் வெகுண்டெழுந்து எதிர்த்தார். சங்கம் பணிந்தது. ஒலிம்பிக் ஓட்டக் களத்தில் ஐரிஷ் பெண்ணொருத்தி கால் வைத்தது 1956-இல்தான். அவர் மேவ் கைல். இடையில் கழிந்த 22 ஆண்டுகளில் ஓடாமலே முதுமையடைந்த பெண்களின் பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது? தடை நீங்கிய பின் நேர்ந்ததைப் பாருங்கள்: 1995-இல் 5,000 மீட்டர் ஓட்டத்தில் சோனியா ஓசல்லிவன் உலக முதன்மை பெற்றார், 2012-இல் பெண்களின் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்றபோதே கேட்டி டெய்லர் தங்கம் வென்றார். பிறநாட்டான் தன் வெற்றியை மறைத்தான் என்று முறையிடும் இனம், தன் வீட்டுப் பெண்ணைக் கதவுக்குள் அடைப்பது எவ்வகை நீதி?

"விளையாட்டுக்கு நாடேது, இனமேது? இவற்றைக் கிளறுவானேன்?" என்று பெரியமனிதர் சிலர் உபதேசிப்பர். விளையாட்டுக்கு நாடில்லையாயின், நாடுவாரிப் பட்டியல் எதற்கு? ஒவ்வொரு வெற்றிக்கும் கொடியேற்றுவது எதற்கு? வலியவன் கணக்கெழுதும்போது நாடு உண்டு. எளியவன் கணக்குக் கேட்கும்போது மட்டும் நாடில்லை என்பது நயவஞ்சகம்.

நாம் வேண்டுவது பெரிதன்று. வென்றவர் பெயரையும் ஆடிய நாட்டையும் எழுதுமிடத்தில், பிறந்த மண்ணையும் எழுதுக. பிரிட்டனின் பெயரால் எண்ணப்பட்ட ஐரிஷ் வெற்றிகளுக்கு, பின்லாந்துக்குக் காட்டிய அதே நீதியைக் காட்டுக. சங்கங்களின் சண்டையால் தள்ளப்பட்ட 59.56 மீட்டரை, உரிய குறிப்புடன் ஏட்டில் ஏற்றுக. இவற்றால் எவருடைய பதக்கமும் குறைந்துவிடாது.

உலகம் செய்யத் தயங்குவதை டிப்பெரரியின் நீனா என்னும் சிற்றூர் செய்து காட்டியுள்ளது. அங்கு நீதிமன்றத்தின் முன்னே மூவர் சிலைகள் நிற்கின்றன. ஒருவர் மக்ராத். ஒருவர் அவ்வூர்ப் பெற்றோருக்கு நியூயார்க்கிற் பிறந்து, 1908-இல் மராத்தான் ஓட்டத்தில் வென்ற ஜானி ஹேஸ். மற்றவர் நுவரெலியாவிற் பிறந்த டிஸ்டல். மூவரின் தங்கத்துள் அயர்லாந்தின் கணக்கில் உள்ளது ஒன்றே. ஆயினும் அவ்வூரார் எக்கொடியின்கீழ் வென்றாய் என்று கேட்கவில்லை; எம் பிள்ளை என்று சொல்லிக் கல்நாட்டினர். கணக்கெழுதுவோர் அவ்வூராரிடம் பாடங் கேட்பார்களாக!